கோடை விடுமுறை: வடாம், ஊறுகாய், ஓலைப் பொம்மை, ஊர்சுற்றல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மூடியதிலிருந்து ஜூனில் திறக்கும்வரை பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. தமிழ்நாட்டு வெயிலை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெயில்தான் இங்கே முதலாளி. அதன் நேரத்துக்குத்தான் வேலையைப் பிரிக்க வேண்டும்.

எந்த வேலையை எப்போது வைத்துக்கொள்வது?

மாவடு மாசி, பங்குனியோடு போய்விடும். மே மாதம் கடையில் வடு என்று கிடைப்பது பெரும்பாலும் கொட்டை முற்றியதாக இருக்கும், வாங்காதீர்கள். வடாம், வற்றலுக்குப் பங்குனி நடுவிலிருந்து கத்திரி முடியும்வரை, அதாவது ஏறத்தாழ மே 28 வரை நல்ல காலம். ஆவக்காயைக் கோடைமழை தொடங்குவதற்குள் போட்டுவிட வேண்டும். மழை விழுந்தால் மாங்காயில் நீர் ஏறிப் புளிப்பு குறையும், துண்டு சீக்கிரம் கொழகொழக்கும்.

ஒரு நாளுக்குள் கணக்கு இது: காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை மொட்டைமாடி. பத்தரை முதல் நான்கு வரை வீட்டுக்குள்ளே, அல்லது கூரையுள்ள இடங்கள். நாலரைக்கு மேல் தெரு, பூங்கா, கடற்கரை. இந்த வரிசையை மாற்றிப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள்தான் மறுநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிறார்கள்.

முதன்முதலில் வடாம் போடுகிறோம். எதில் தொடங்கலாம்?

ஜவ்வரிசி வடாமில். மாவு அரைக்கும் வேலையும் இல்லை, அச்சில் பிழிகிற பலமும் வேண்டாம்; ஏழு வயதுப் பிள்ளைகூடக் கரண்டியால் ஊற்றலாம்.

கடையில் கேட்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேளுங்கள், வெள்ளையாக இருக்கும். நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்கு. அது எளிதில் கரையாது. சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்ததுதான் பெரும்பாலும் கிடைக்கும்.

ஒரு கப் ஜவ்வரிசியை இரண்டு கப் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் அடிகனமான பாத்திரத்தில் நான்கு கப் தண்ணீர் கொதித்ததும், ஊறியதைத் தண்ணீரோடு கொட்டி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் மணிகள் கண்ணாடிபோல் ஆகும். நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. ஆறு பச்சைமிளகாயை உப்போடு அரைத்த விழுது, கால் ஸ்பூன் பெருங்காயம் சேர்த்து இறக்குங்கள். ஆறிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியலாம், சீரகமும் போடலாம். ஆறும்போது கூழ் இறுகும், அதனால் சூட்டில் தோசைமாவைவிடச் சற்று நீர்த்து இருக்கிற பதத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.

உப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கூழை நாக்கில் வைத்தால் உப்பு கம்மி என்று தோன்ற வேண்டும். தண்ணீர் முழுக்கப் போய், உப்பு மட்டும் தங்கும். கூழில் சரியாக இருந்தால் வடாமில் கரிக்கும்.

பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, அரைக் கரண்டி வீதம் ஊற்றி, தொட்டும் தொடாமலும் வட்டமாக்கினால் போதும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் கிழியாமல் உரிந்து வரும். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டில் ஊற்றினால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், தானே கழன்றுவிடும். ஆனால் அடிப்பக்கம் காற்று படாது, அதனால் உரித்த பிறகு தட்டில் திருப்பிப்போட்டு இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காய வேண்டும். மொத்தம் மூன்று நாள் வெயில். இரவில் கட்டாயம் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் நாற்றம் வரும்.

கூழ் வடாம் பிழிய அளவு?

நன்றாகச் சலித்த பச்சரிசி மாவு நான்கு கப், ஊறவைத்த ஜவ்வரிசி முக்கால் கப், தண்ணீர் மொத்தம் பன்னிரண்டு கப், பச்சைமிளகாய் இருபது. மாவில் நான்கு கப் தண்ணீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துவைக்கவும். மீதி எட்டு கப்பில் ஜவ்வரிசி வெந்து கண்ணாடியானதும் மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம் போட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறவும். மாவு பளபளப்பாகி, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். அதுதான் வெந்ததற்கு அடையாளம். வேறு எதையும் நம்ப வேண்டாம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு.

தேன்குழல் அச்சில் சூடு தாங்குகிற பதத்திலேயே பிழிய வேண்டும். முழுக்க ஆறினால் அச்சு நகராது. மிச்ச மாவில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தைப் போட்டுக் கிள்ளிவைத்தால் வெங்காயக் கருவடாம். அது காய நான்கைந்து நாள் ஆகும்.

எங்கள் வடாம் நொறுங்குகிறது / பொரியவில்லை / சிவக்கிறது. ஏன்?

காயும்போதே நொறுங்கினால் மாவு வேகவில்லை. பிழிந்ததும் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தட்டையானால் தண்ணீர் அதிகம். அப்போது பச்சை மாவைத் தூவாதீர்கள், கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். எண்ணெயில் போட்டதும் பொரியாமல் கல்லாக அடியில் கிடந்தால் இரண்டு காரணம்தான்: உள்ளே ஈரம், அல்லது எண்ணெய் சூடு போதவில்லை. ஒடித்தால் படக்கென்று ஓசை வரவேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில். முதல் நாள் மேகமூட்டத்தில் மெதுவாகக் காய்ந்தது புளித்து நிறம் மாறும், பொரிக்கும்போது சிவக்கும். அதனால்தான் முதல் நாள் வெயில் முக்கியம். காலை ஏழு மணிக்குள் ஊற்றி முடித்தால் பத்து மணி நேரம் கிடைக்கும்.

சென்னை, கடலூர், நாகைப் பக்கம் பிற்பகலில் கடற்காற்று ஈரத்தோடு வரும். அங்கே ஒரு நாள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

காக்காயை என்ன செய்வது?

கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பது, நாலு செங்கல்மேல் கொசுவலையைக் கட்டுவது, இரண்டும் பலன் தரும். இவற்றைவிடச் சிறந்தது நிழலில் குச்சியோடு உட்காரும் ஒரு பிள்ளை, காலை ஒன்பதரை வரைக்கும் மட்டும். கூலியாக அரைக்காய்ச்சல் வடாமைத் தின்னவிடுங்கள். எப்படியும் தின்னத்தான் போகிறார்கள்.

பீட்ரூட் சாறு கலந்தால் கலர் வடாம் வருமா?

ஊற்றும்போது அழகாக இருக்கும். மூன்று நாள் வெயிலில் வெளுத்துப் பழுப்பாகிவிடும், பொரித்தால் இன்னும் மோசம். தக்காளிச் சாறு ஓரளவு நிற்கும், சுவையும் நல்லது. பிள்ளைகளுக்கு நிறத்தைவிட வடிவம் பிடிக்கும்: காலிப் பால் கவரைக் கழுவிக் காயவைத்து, நுனியை வெட்டி, ஆறிய கூழை நிரப்பிக் கொடுத்தால் தங்கள் பெயரை எழுதுவார்கள். எழுத்தின் இழை தனித்தனியாக நின்றால் காய்ந்ததும் உடையும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

எந்த வயதுக்கு எந்த வேலை? மிளகாயைத் தொடவிடலாமா?

நான்கைந்து வயதில் கறிவேப்பிலை உருவுவது, கொத்தவரங்காய்க் காம்பு கிள்ளுவது. ஏழெட்டில் உப்பு எடைபோடுவது, கரண்டியால் ஊற்றுவது. பத்துக்கு மேல் அச்சு பிழியலாம். அடுப்பில் கொதிக்கும் கூழ் பக்கத்தில் எந்த வயதும் வேண்டாம். அது தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

மிளகாய் பெரியவர்கள் வேலை. எரிந்தால் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பயனில்லை, காரம் தண்ணீரில் கரையாது. கையில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு. வாயில் எரிந்தால் தயிர்.

மோர்மிளகாய் காரமில்லாமல் சொதசொதவென்று ஆகிறதே?

குண்டு மிளகாய் அரைக் கிலோ, காம்போடு. அடியில் மட்டும் சின்னதாகக் கீறவும். முழுக்கப் பிளந்தால் விதை கொட்டும், நீங்கள் சொல்கிற சொதசொதப்பு அங்கேதான் ஆரம்பம். அரை லிட்டர் புளித்த தயிரைக் கடைந்து 70 கிராம் கல்லுப்பு சேர்த்து இரண்டு நாள் ஊறவிடவும். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்துத் தட்டில் காயவைத்து, மாலையில் அதே மோரில் போடவும். மோர் முழுக்க உறிஞ்சப்படும்வரை, மூன்று நான்கு நாள் இப்படி. பிறகு குலுக்கினால் விதை சலசலக்கும்வரை காயட்டும். அவசரப்பட்டு மோரை வடித்துக் கொட்டிவிட்டால் சுவையும் அதோடு போய்விடும். சுண்டைக்காய்க்கும் இதே முறை, காயை லேசாகத் தட்டிப் போடவும்.

ஆவக்காய்க்கு நம்பகமான அளவு?

ஓட்டோடு வெட்டிய துண்டு 1 கிலோவுக்கு மிளகாய்த்தூள், கடுகுத்தூள், வறுத்துப் பொடித்த கல்லுப்பு மூன்றும் 150 கிராம் வீதம், மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், முழு வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 300 மில்லி. எல்லாம் எடையில்தான். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது, ஸ்பூன் கணக்கில் போட்டுக் கெட்டுப்போன ஊறுகாய்கள் ஏராளம்.

நார் உள்ள, ஓடு முற்றிய, நல்ல புளிப்பு மாங்காய் வேண்டும். கிளிமூக்கு மாங்காய், உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னத்தான் லாயக்கு. கழுவி, துணியால் துடைத்து, பிறகுதான் வெட்டவும். மாங்காய்க் கடையிலேயே அரிவாள்மணையில் வெட்டித் தருவார்கள், துணி கொண்டுபோங்கள். கொட்டைப் பருப்பையும் அதை ஒட்டிய தாள்போன்ற தோலையும் எடுத்துவிடவும். இந்தத் தோல் உரிக்கும் வேலை பிள்ளைகளுக்கு ஏற்றது. பீங்கான் ஜாடியில் கலந்து வைத்து, மூன்றாம் நாள் மரக்கரண்டியால் அடிவரை புரட்டவும். எண்ணெய் துண்டுக்குமேல் ஒரு விரற்கடை நிற்காவிட்டால் இன்னும் ஊற்றவும். எண்ணெய்க்கு வெளியே துருத்தும் துண்டில்தான் பூஞ்சை உட்காரும். முதல் வாரம் கடுகு கசக்கும், பயப்படாதீர்கள், ஊற ஊற மட்டுப்படும்.

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தூக்கிப்போடுவதா?

உப்புநீரில் ஊறும் எலுமிச்சை, மாவடு மேல் மெல்லிய தட்டையான வெள்ளை ஆடை என்றால் அது ஈஸ்ட். உப்பு குறைவு என்று பொருள். வழித்தெடுத்து, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு சேர்த்து, ஜாடி வாயில் துணி கட்டி வெயிலில் வையுங்கள். பஞ்சுபோல் முடி முளைத்திருந்தால், பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு எந்த நிறமாக இருந்தாலும், மொத்தமும் குப்பைக்கு. மேலே மட்டும் வழித்துவிட்டுக் கீழே உள்ளதைச் சாப்பிடுகிற சிக்கனம் வேண்டாம்.

நன்னாரி சர்பத் வீட்டில் காய்ச்சலாமா?

நாட்டுமருந்துக் கடையில் வேரை ஒடித்து முகர்ந்து வாங்குங்கள், வாசனை இல்லாதது பழசு. 100 கிராம் வேரை நன்றாகக் கழுவித் தட்டினால் தோல் தனியாக, நடுக்குச்சி தனியாக வரும். குச்சியை எறிந்துவிடவும், மணம் தோலில். ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, இரவு முழுக்க விடவும். திறந்துவைத்துக் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், சர்பத் மணக்காது. காலையில் துணியில் வடிகட்டி, ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டுக் கையில் பிசுபிசுக்கும்வரை காய்ச்சி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு விட்டு இறக்கவும். எலுமிச்சை சுவைக்காக மட்டுமல்ல, பாகு பூத்து அடியில் கற்கண்டாவதையும் தடுக்கும்.

மாம்பழ ஜாம் இறுகவே மாட்டேன் என்கிறது.

ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் பழுத்த பழத்தில் குறைவு. ஒரு கிலோ பழக்கூழுக்கு ஒரு சின்ன மாங்காயைத் துருவிச் சேர்த்து, 700 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சைச் சாறு. ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். அதற்குப் பிறகும் கிண்டினால் ஆறியதும் மிட்டாயாகிவிடும்.

கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல் என்பது கால்சியம் கார்பைடு, அது சட்டப்படி தடை. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு, அதைக் கண்டு மிரள வேண்டாம். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, காம்பருகே மணமே இல்லாமல், அறுத்தால் உள்ளே வெளிறிப் புளித்தால் சந்தேகப்படலாம். முற்றின காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைப்பது நிச்சயமான வழி. நான்கைந்து நாள் பிடிக்கும். பங்கனப்பள்ளி, செந்தூரம் முதலில் வரும். நீலம் ஜூனுக்கு மேல்.

நுங்கு வண்டி எப்படிச் செய்வது?

நுங்கு விற்பவரிடம் ஒரே அளவில் இரண்டு காய் கேட்டு, மேல்பக்கம் மட்டும் சீவித் தரச் சொல்லுங்கள். நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் கூடுதான் சக்கரம். ஒரு சாண் நீளக் குச்சியின் இரு முனையையும் கூராக்கி, ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் குத்தி இறக்கவும். கவட்டையுள்ள நீளக் கொம்பு ஒன்று, பிள்ளையின் மார்பளவு உயரம். கவட்டையை அச்சுக் குச்சியின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். குத்தும்போது நடு தவறினால் நொண்டும். இரண்டாம் நாள் கூடு காய்ந்து சுருங்கித் துளை தளரும்; இரவில் தண்ணீரில் போட்டுவைத்தால் இன்னொரு நாள் தாங்கும். சக்கரம் தேய்ந்தால் மறுபடி நுங்கு வாங்க வேண்டியிருக்கிறது, அதில் யாருக்கும் வருத்தமில்லை.

ஓலையில் வேறு என்ன?

பனையோலைக் காற்றாடி: விரல் அகலத்தில், சாண் நீளத்தில் இரண்டு ஓலை நறுக்கு. ஒன்றை மற்றொன்றில் சிலுவைபோல் மடித்துக் கோத்து இறுக்கி, நடுவில் கருவேல முள்ளால் குத்தி, சோளத்தட்டையில் செருகவும். சுற்றாவிட்டால் துளை இறுக்கம். முள்ளைச் சற்று ஆட்டித் துளையைப் பெரிதாக்குங்கள். ஓலை நனைந்து வளைந்திருந்தாலும் சுற்றாது. தென்னோலையில் ஈர்க்கை உருவிவிட்டுக் கடிகாரம், மோதிரம், பீப்பி, பாம்பு எல்லாம் வரும். குருத்தோலை எளிதில் மடியும், ஆனால் வீட்டு மரத்தின் குருத்தை வெட்டாதீர்கள், மரம் சீரழியும். பூக்கடையில் கல்யாணத் தோரணத்துக்காக விற்பதை வாங்கிக்கொள்ளலாம்.

பட்டம்?

விடலாம், சாதாரணப் பருத்தி நூலில். மாஞ்சா நூல் சென்னையில் தடை. சாலையில் போகிறவர் கழுத்தை அறுத்த நூல் அது. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் பட்டமும் வேண்டாம்.

சென்னையில் பகல் வெயிலில் எங்கே அழைத்துப்போவது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். சின்னப் பிள்ளைகளை முதலில் திமிங்கில எலும்புக்கூட்டிடம் கொண்டுபோங்கள், வெண்கலக் கூடத்துத் திருவாலங்காட்டு நடராசர் பிறகு. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கடைசியில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு தனியாக, குளுகுளுவென்று இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத் திறந்த உடனே போய்விட வேண்டும். பதினொரு மணிக்குமேல் புலியும் கரடியும் நிழலில் படுத்துவிடும், நடக்கும் தூரமோ அதிகம். வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறைதான். மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பாறை பத்து மணிக்கே கொதிக்கும், செருப்போடு போங்கள். மெரினாவில் மணலோடு சரி, கடலில் குளிக்க இறங்க வேண்டாம்; அலை இழுக்கும்.

ஊட்டிக்கு மே மாதம் போகலாமா?

கூட்டத்துக்குத் தயார் என்றால். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்ல இ-பாஸ் முறை வந்தது. கிளம்புமுன் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலைரயிலுக்கு முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், திறந்த கையோடு தீரும். கிடைக்காதவர்கள் குன்னூர்வரை பேருந்தில் போய், குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறலாம். ஐந்து மணிநேரப் பயணத்தில் சிறு குழந்தைகள் சலித்துப்போகும். உண்மையில் இந்தக் குட்டிப் பயணமே அவர்களுக்குப் போதும்.

குற்றாலம் சீசன் ஜூனில்தான், மே தொடக்கத்தில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். வேடந்தாங்கலும் அப்படியே: நவம்பர் முதல் மார்ச் வரைதான் பறவை.

வெயில் தாக்கினால்?

தலைவலி, குமட்டல், சோர்வு என்றால் உடனே நிழல், ஈரத்துணி, உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குச் சமமட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அளவு மாறக் கூடாது. உளறல், மயக்கம், வலிப்பு, உடம்பு அனலாகக் கொதிப்பது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். நிறுத்திய காரில் பிள்ளையை இரண்டு நிமிடம்கூட விடாதீர்கள்.

பள்ளி திறக்குமுன் என்னென்ன, எங்கே வாங்குவது?

நோட்டு, பேப்பர், கைவினைச் சாமான் மொத்தமாக என்றால் பாரிமுனை: பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு. துணி கொடவுன் தெரு. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து போனால்தான் மொத்தவிலை கட்டும். ஞாயிறு தவிர்த்த நாளில் காலை பத்தரைக்குள் போய் ஒன்றுக்குள் திரும்புங்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவதானால் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதிவைக்கவும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க ஓடியபின் கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸோடு போட்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் பார்க்கவும். சீருடைத் துணியை நனைத்துக் காயவைத்துத் தையலுக்குக் கொடுத்து, அடியில் இரண்டு அங்குலம் மடிப்புவிடச் சொன்னால் அடுத்த வருஷமும் ஆகும். வீட்டில் போடும் துணிமணிக்கு மேயில் அவசரம் வேண்டாம், ஆடித் தள்ளுபடி வந்துகொண்டே இருக்கிறது.

காய்ந்ததையெல்லாம் எப்படி வைப்பது?

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு எவர்சில்வர் டப்பாவில் போடவும். வடாமையும் மோர்மிளகாயையும் ஒரே டப்பாவில் போட்டால் வடாமெல்லாம் மோர் வாசனை அடிக்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு நல்ல வெயில் நாளில் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி மறுபடி ஒரு தரம் காட்டிவிட்டால் அடுத்த சித்திரைவரை இருக்கும்.